தெரிந்தும் வாய் திறவாமை

சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று இவ்வாண்டின் செயலாளர் கேட்டிருந்தார். பழைய மாணவர்கள் இம்மலரில் எழுதும்போது பெரும்பாலும் விடுதி நாட்களின் நினைவுகளையே எழுதுகிறார்கள். மண்ணெண்ணெய் அடுப்பில் சாம்பார் வைத்த கதையும், பொங்கல் விழா நாடகத்தில் அரசனின் மீசை கழன்று விழுந்த கதையும் பலமுறை அச்சேறிவிட்டன. மீசைக் கதையை எழுதியவர்களுள் நானும் ஒருவன். ஆதலால் இம்முறை வேறொரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்.

நண்பர்களே, இன்னும் சில திங்களில் உங்களுள் பலர் பட்டம் பெற்று வேலைக்குச் செல்வீர்கள். சென்ற இடத்தில் எல்லாரும் உங்களுக்கு மூத்தவர்களாக இருப்பார்கள். அவர்கள் பேசும் மொழி உங்களுக்குப் பாதிதான் பிடிபடும். அங்கே, முதல் ஆண்டிலேயே, ஏதோ ஒன்று தவறாக நடப்பதை நீங்கள் காண்பீர்கள். நான்கு ஆண்டுகள் நீங்கள் படித்த படிப்பு அது தவறு என்று உங்களுக்குச் சொல்லும். சுற்றி நிற்கும் ஒருவரும் அதைத் தவறு என்று சொல்லமாட்டார்கள். அப்போது என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பாடப்புத்தகத்தில் இடம் இல்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. நான் கற்ற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1994-ஆம் ஆண்டு. கங்கைக் கரையில் படித்து முடித்துக் கட்டடத் துறையில் பட்டம் பெற்ற கையோடு பீகாரில் ஒரு வேலையில் சேர்ந்தேன். ஓர் ஆலையின் ஊழியர்களுக்கு வீடுகள் கட்டும் பணி. எனக்கு மேலே ஒரு பொறுப்பாளர் இருந்தார். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர், கெட்டவர் அல்லர், என்னை 'மதராஸி பாபு' என்று அழைத்தாலும் தம் வீட்டு ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுப்பவர். அவருக்குக் கீழே மிஸ்திரி. மிஸ்திரிக்குக் கீழே நாற்பது கூலியாட்கள்.

அங்கே சன்னல்களுக்கு மேலே வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட்டுப் பலகைக்குச் 'சஜ்ஜா' என்று பெயர். நம் ஊரில் சன்ஷேடு என்போம். வேறு துறை படிப்பவர்களுக்காக அதன் இயல்பை இங்கே சிறிது விளக்க வேண்டும். உங்கள் கையை நேராக நீட்டி உள்ளங்கையில் ஒரு செங்கல்லை வைத்துப் பாருங்கள். தோளின் மேற்புறம் இழுபடும், அடிப்புறம் நெருக்குண்ணும். சுவரில் ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள சஜ்ஜாவும் அப்படித்தான். கான்கிரீட்டு நெருக்குதலை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைத் தாங்குவதற்கே இரும்புக் கம்பியை உள்ளே வைக்கிறோம். ஆகவே சஜ்ஜாவில் கம்பி மேற்புறத்தில் இருக்க வேண்டும். அடியில் இருந்தால் அது இருந்தும் இல்லாததே. இது இரண்டாம் ஆண்டுப் பாடம். பரீட்சையில் இதற்கு எனக்கு முழு மதிப்பெண்.

கான்கிரீட்டு போடும் நாளன்று காலையில் கம்பி மேற்புறத்தில்தான் இருந்தது. ஆனால் கலவைச் சட்டியைத் தலையில் ஏந்திய ஆட்கள் அதன்மேல் நடந்து நடந்து, பத்து மணிக்குள் கடைசிச் சஜ்ஜாவின் கம்பியை அடிப்பலகையோடு ஒட்டும்படி மிதித்துவிட்டார்கள். கம்பிக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் 'சேர்' என்னும் வளைகம்பிகள் போதுமான அளவில் வைக்கப்படவில்லை. நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். கம்பி அடியில் கிடக்கிறது, இது விழும் என்று என் மனத்துக்குள் ஒரு வாக்கியம் முழுதாக உருவாயிற்று.

வாய்க்கு வரும்போது அந்த வாக்கியம் என்ன ஆயிற்று தெரியுமா? பொறுப்பாளர் அருகில் போய், "சாஹப், அந்தக் கடைசிச் சஜ்ஜாவை ஒருமுறை பார்த்தால் நன்றாக இருக்கும்" என்றேன். அவர் சிமெண்டு மூட்டைக் கணக்கில் இருந்தார். "மிஸ்திரி பார்த்துக்கொள்வார்" என்றார். மிஸ்திரியோ எனக்குத் தந்தை வயதினர். இந்தியில் கம்பிக்குச் 'சரியா' என்று பெயர். அவர் 'சரியா' என்று சொல்லும்போதெல்லாம் "சரியா?" என்று என்னைக் கேட்பது போலவே என் காதில் விழும். அன்று அவர் உண்மையாகவே கேட்டிருந்தாலும் "சரி" என்று தலையாட்டியிருப்பேன். என் இந்தியில் ஆண்பால் பெண்பால் மயக்கம் மிகுதி. நான் வாயைத் திறந்தால் கூலியாட்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சினேன். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது என்றும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதினைந்து நிமிடத்தில் கலவை கம்பியை மூடிவிட்டது. பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

முட்டுகளை எடுத்த அன்று அந்தச் சஜ்ஜா சுவரோரமாக ஒடிந்து விழுந்தது. கீழே பலகைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த கயா மாவட்டத்து இளைஞர் ஒருவருக்குக் கால் முறிந்தது. உயிர் தப்பியது ஓர் அடி இடைவெளியில். மருத்துவமனையில் அவரைப் பார்க்கச் சென்றபோது அவர் எனக்கு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் ஓர் எஞ்சினீயர், தம்மைப் பார்க்க வந்திருக்கிறேன் என்பது அவருக்குப் பெருமையாக இருந்தது. எனக்குத் தெரிந்திருந்தது என்பது அவருக்குத் தெரியாது. விசாரணையில் மிஸ்திரியின் கூலி பிடிக்கப்பட்டது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பின்னரே நான் இந்தப் பொருள் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். என்னைப் போன்றவர்கள் உலகில் பலர் இருந்திருக்கிறார்கள் என்பதைக் கண்டேன். அவர்களுள் என் மனத்தை விட்டு நீங்காதவர் நார்மன் மக்லூர் என்னும் இளம் அமெரிக்கப் பொறியாளர்.

கனடா நாட்டில் கியூபெக் நகருக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின்மேல் ஒரு பெரும் எஃகுப் பாலம் கட்டத் தொடங்கினார்கள். நடுக்கண் 1,600 அடி என்று முதலில் திட்டமிட்டு, பின்பு 1900-ஆம் ஆண்டில் 1,800 அடியாக நீட்டினார்கள். ஸ்காட்லாந்தின் போர்த் பாலத்தின் 1,710 அடியை அது விஞ்சிவிடும். ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர். அமெரிக்காவில் பாலத் துறையில் அவர் பெயருக்கு மேல் ஒரு பெயர் அன்று இல்லை எனலாம். பாலத்தைச் செய்து நிறுத்தும் பொறுப்பு பென்சில்வேனியா மாநிலத்துப் பீனிக்ஸ் பாலக் கம்பெனியுடையது. கண்ணை நீட்டியபோது பாலத்தின் சொந்த எடையைப் புதிதாகக் கணக்கிட்டிருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. எடை கூடுதலாக இருப்பது பின்னர்த் தெரியவந்தபோது, உறுப்புகள் பல செய்து முடிந்திருந்தன. தாங்கும் என்று கூப்பர் தீர்ப்பளித்தார். அவருடைய தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. கனடா அரசாங்கத்தின் பொறியாளர் ஒருவர் தம் திட்டங்களைச் சரிபார்ப்பதைக்கூட அவர் விரும்பவில்லை. மேற்கட்டுமானம் எழுந்த காலத்தில் முதுமையும் நோயும் காரணமாக அவர் நியூயார்க்கை விட்டு வரவே இல்லை. அவருடைய கண்ணாக அங்கே இருந்தவர், கல்லூரி விட்டு வந்து சில ஆண்டுகளே ஆன மக்லூர்.

1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மக்லூர் ஒன்றைக் கவனித்தார். பாலத்தின் அடிக்கைகள், அதாவது முழு எடையையும் நெருக்குதலாகத் தாங்கும் பெரும் உறுப்புகள், சிறிது வளைந்திருந்தன. அவர் கூப்பருக்கு எழுதினார். கூப்பர் கம்பெனியைக் கேட்டார். கம்பெனியாரோ, அவை தொழிற்சாலையில் இருந்து வரும்போதே வளைந்திருக்க வேண்டும் என்றார்கள். மக்லூர் இதை ஏற்கவில்லை. பொருத்திய பின்பே வளைந்தன என்று அவர் உறுதியாக நின்றார். ஆகஸ்டு 27-ஆம் நாள் மீண்டும் அளந்தார். ஒரு வாரத்துக்கு முன்பு முக்கால் அங்குலம் வளைந்திருந்த ஓர் உறுப்பு இப்போது இரண்டு அங்குலம் அளவுக்கு வளைந்திருந்தது. தொழிற்சாலையில் ஏற்பட்ட வளைவு ஒரு வாரத்தில் வளருமா?

இங்கே சற்று நிறுத்திச் சிந்திக்க வேண்டுகிறேன். மக்லூர் என்னைப் போல் வாய் மூடி நின்றவர் அல்லர். அவரிடம் அளவு இருந்தது. அந்த அளவை அவர் நம்பினார். மூத்தவர்களோடு வாதாடவும் செய்தார். அப்படியிருந்தும் என்ன நடந்தது என்பதைப் பாருங்கள்.

அளந்ததும் வேலையை நிறுத்துமாறு கட்டளையிடும் அதிகாரம் யாருக்கு என்பது அங்கே யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. வேலையை நிறுத்தப் போவதாக முதலில் சொன்ன பெரிய மேஸ்திரி மறுநாள் மனம் மாறித் தொடர்ந்தார். நிறுத்தினால் ஆட்கள் கலைந்துபோவார்கள், பெயர் கெடும் என்ற கவலை ஒருபுறம். கூப்பர் என்ன சொல்கிறாரோ என்று மக்லூரை நியூயார்க்குக்கு ரயிலில் அனுப்பி வைத்தார்கள். ஆகஸ்டு 29 முற்பகலில் அவர் கூப்பரைக் கண்டார். கூப்பருக்கு நிமிடத்தில் புரிந்துவிட்டது. ஆராயும் வரை பாலத்தின்மேல் மேற்கொண்டு பாரம் ஏற்ற வேண்டாம் என்று தந்தி அடித்தார். ஆனால் அந்தத் தந்தி போனது பென்சில்வேனியாவிலுள்ள கம்பெனிக்கு. பாலம் இருந்த கியூபெக்குக்கு அன்று. பாலத்துக்குத் தாமே தந்தி கொடுப்பதாக மக்லூர் சொல்லியிருந்தார். கம்பெனிக்குப் போகும் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அது கொடுக்கப்படவில்லை. மாலையில் கம்பெனி அலுவலகத்தில் கூடிப் பேசினார்கள். காலையில் முடிவு செய்யலாம் என்றார்கள்.

அன்று மாலை ஐந்தரை மணி அளவில், வேலை முடியும் நேரத்தில், பாலம் விழுந்தது. பதினைந்து வினாடிகளில் சுமார் 19,000 டன் எஃகு ஆற்றோடு போயிற்று. பாலத்தின்மேல் இருந்த 86 பேரில் 75 பேர் மாண்டனர். அவர்களுள் 33 பேர் ககனவாகே என்னும் ஒரே ஊரைச் சேர்ந்த மோஹாக் பழங்குடியினர். மனம் மாறி வேலையைத் தொடர்ந்த அந்தப் பெரிய மேஸ்திரியும் மாண்டார். 1908-இல் அறிக்கை தந்த அரசாங்க விசாரணைக் குழு, கூப்பரின் தீர்ப்பிலும் கம்பெனியின் வடிவமைப்புப் பொறியாளருடைய தீர்ப்பிலும் பிழை நேர்ந்தது என்று எழுதியது. (இன்று அங்கே நிற்கும் பாலம் புதிதாக வடிவமைத்து 1917-இல் முடிக்கப்பட்டது. அதுவும் எளிதில் எழவில்லை. 1916-இல் நடுக்கண்ணைத் தூக்கும்போது அது நழுவி விழுந்து 13 பேர் இறந்தனர். அந்த 1,800 அடி இன்றும் அவ்வகைப் பாலங்களுள் உலகிலேயே நீளமானது.)

மக்லூரைக் குறை கூற எனக்கு வாய் இல்லை. ஆயினும் அவர் கதையிலிருந்து எனக்கு ஒன்று விளங்கிற்று. உண்மையைச் சொல்வது ஒரு வேலை; அதை, செய்யக்கூடியவன் காதில், செய்யக்கூடிய நேரத்துக்குள் போட்டுவிடுவது வேறொரு வேலை. ஆற்றின்மேல் நின்றவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வரித் தந்தி. அறிவாளிகள் மூன்று ஊர்களில் அறிவோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

எப்படிச் சொல்வது என்பதற்கு விமானத் துறையைப் பார்க்க வேண்டும். 1978-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகருக்கு அருகே யுனைட்டெட் கம்பெனியின் டி.சி.-8 விமானம் ஒன்று வட்டமிட்டது. 189 பேர் அதில் இருந்தனர். சக்கரங்களை இறக்கும்போது ஓர் ஓசை கேட்டது. விளக்கு ஒன்று எரியவில்லை. தலைமை விமானி சக்கரத்தைப் பற்றியும், தரையில் மோதினால் பயணிகளைக் காப்பது பற்றியும் சிந்தித்தபடி ஒரு மணி நேரம் வானில் சுற்றினார். எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. இது அருகில் இருந்த துணை விமானிக்கும், எண்ணெய்க் கணக்கை வைத்திருந்த விமானப் பொறியாளருக்கும் தெரியும். அவர்கள் பேசாமலும் இல்லை. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்கள். இன்னும் பதினைந்து நிமிடம் என்றால் குறைந்துபோகும் என்று குறிப்பாகச் சொன்னார்கள். "எண்ணெய் தீரப் போகிறது, இப்போதே இறங்க வேண்டும்" என்ற நேர் வாக்கியம் மட்டும் வேளையோடு வெளிப்படவில்லை. எந்திரங்கள் ஒவ்வொன்றாக அணைந்து விமானம் நகர்ப்புறத்தில் விழுந்தது. பத்துப் பேர் இறந்தனர். அந்த விமானப் பொறியாளரும் அவர்களுள் ஒருவர்.

இதை ஆராய்ந்த அமெரிக்க விசாரணை வாரியம், தலைமை விமானி பிறர் சொல்வதைக் கேட்கப் பழக வேண்டும், மற்றவர்கள் துணிந்து சொல்லப் பழக வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1981-இல் அதே கம்பெனி அத்தகைய பயிற்சியைத் தன் விமானிகளுக்குத் தொடங்கியது. இன்று உலகெங்கும் விமானிகளுக்கு இப்பயிற்சி உண்டு. துணிவு என்பது பிறவிக் குணம் என்றே நான் அதுவரை எண்ணியிருந்தேன். அது நீச்சலைப் போல் கற்றுக்கொடுக்கப்படும் ஒரு தொழில் என்று அறிந்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எழுத்தில் சொல்ல இயலாது.

அப்பயிற்சியின் சாரத்தை என் சஜ்ஜாவுக்குப் பொருத்திச் சொல்கிறேன். நான் அன்று சொன்னது, "ஒருமுறை பார்த்தால் நன்றாக இருக்கும்" என்பது. அதில் என்ன தவறு என்பதும் இல்லை, எவ்வளவு என்பதும் இல்லை, என்ன ஆகும் என்பதும் இல்லை. சிமெண்டு மூட்டை எண்ணுகிற மனிதர் அதற்கு வேறு என்ன விடை சொல்வார்? நான் சொல்லியிருக்க வேண்டியது இது: "சாஹப், கணக்கைக் கொஞ்சம் நிறுத்துங்கள். கடைசிச் சஜ்ஜாவில் கம்பி அடிப்பலகையில் கிடக்கிறது. அளந்தேன், மேலிருந்து மூன்று அங்குலம் கீழே இருக்கிறது. இப்படியே கலவை விழுந்தால் முட்டு எடுத்த அன்று ஒடியும். கம்பியைத் தூக்கிச் சேர் வைக்க அரை மணி ஆகும். அதுவரை அங்கே கலவையை நிறுத்தச் சொல்கிறேன். சரிதானே?" முதலில் அவரைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். பிறகு கண்டது, அதன் அளவு, அதனால் நேரப்போவது, செய்ய வேண்டியது. கடைசியில் அவரிடமிருந்து ஆம் அல்லது இல்லை என்ற ஒரு சொல். அந்தச் சொல் வாங்காமல் நகரக் கூடாது. "இல்லை" என்றால் அதை அவர் முன்னிலையிலேயே பணியிடக் குறிப்பேட்டில் நாளும் நேரமும் இட்டு எழுதிவிட வேண்டும். எழுதும் பேனாவைக் கண்டவுடன் "இல்லை" பல நேரங்களில் "சரி, போய்ப் பார்ப்போம்" என்று மாறிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

மேலே சொன்னதில் மரியாதைக் குறைவு எங்காவது இருக்கிறதா? இல்லை. நம்மவர்கள் இங்கேதான் மயங்குகிறோம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த வளர்ப்பை நான் பழிக்கவில்லை. ஆனால் மரியாதை வேறு, மழுப்பல் வேறு. வள்ளுவர் 'அவையறிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதற்கு அடுத்தே 'அவையஞ்சாமை' என்று மற்றோர் அதிகாரத்தை வைத்தார். முதலாவதை மட்டும் நாம் நன்றாகப் படித்திருக்கிறோம் போலும்!

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிமாநிலத்தில் படிக்கும் உங்களுக்கு அது பெரிய தடை. என் அனுபவத்தில், ஆபத்தைச் சொல்வதற்கு நல்ல மொழி தேவையில்லை. இருபது சொற்கள் போதும். நிறுத்து, தூக்கு, உடையும், விழும், அளந்தேன், எவ்வளவு, யார், எப்போது. இந்த இருபது சொற்களை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த ஊர் மொழியில் நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள். கவிதை எழுதப் பிறகு பழகலாம். பால் மயக்கத்தோடு பேசினால் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே நிறுத்துவார்கள்.

"எனக்குத் தெரியும் என்பதே எனக்கு உறுதியாகத் தெரியவில்லையே, பிறகு எப்படிப் பேசுவது?" என்று உங்களுள் ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி. கால் முறிந்த அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நான் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டேன். கண்ணால் கண்டது என்ன, நூலில் படித்தது என்ன, நானாக ஊகிப்பது என்ன என்று பிரித்து எழுதினேன். முதல் சில வாரங்களில் எனக்கே வியப்பு. ஊகம் என்று நான் அஞ்சியவற்றுள் பெரும்பகுதி கண்டதும் படித்ததுமாகவே இருந்தது. அஞ்சாமல் நான் அடித்துப் பேசிய சில செய்திகளோ வெறும் ஊகம்! ஐயம் வந்தால் அளவுநாடாவை எடுத்துவிடுவது என்று வழக்கமாக்கிக்கொண்டேன். மக்லூரின் முக்கால் அங்குலத்துக்கும் இரண்டு அங்குலத்துக்கும் இருந்த வலிமை எந்த உரத்த குரலுக்கும் வராது.

தவறாகச் சொல்லிவிட்டால்? சொல்லியிருக்கிறேன். 1996-இல் ஒரு தூண் வேலையை, கம்பி எண்ணிக்கை குறைவு என்று சொல்லி அனைவர் முன்னிலையிலும் நிறுத்தினேன். என்னிடம் இருந்தது பழைய வரைபடம். திருத்திய வரைபடத்தில் எண்ணிக்கையைக் குறைத்துப் பருமனைக் கூட்டியிருந்தார்கள். ஒரு மணி நேரம் வீண். ஒரு வாரம் என்னை 'பழைய நக்ஷா' என்று அழைத்தார்கள். அவ்வளவே. மருத்துவமனையில் எனக்குக் காட்டப்பட்ட அந்த நாற்காலியோடு ஒப்பிட்டால் அந்த ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. அன்றுமுதல் வரைபடத்தின் மூலையில் உள்ள திருத்த எண்ணைப் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை.

சரியாகச் சொன்னால் உடனே ஒப்புக்கொள்வார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1930-இல் கப்பலேறிய சந்திரசேகர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறையுள்ள விண்மீன் வெண்குறுமீனாக அடங்கி ஓய முடியாது என்று கண்டவர். 1935-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அதை எடுத்துரைத்தார். வயது 24. அடுத்து எழுந்த எட்டிங்டன், அத்துறையின் பேரறிஞர், அதை நகைப்புக்கு இடமாக்கினார். அவை சிரித்தது. கேம்பிரிட்ஜில் அந்த ஆராய்ச்சியை அருகிலிருந்தே கவனித்து வந்தவர்தாம் அவர். ஆயினும் மறுப்பை முன்கூட்டி ஒரு சொல்லும் தெரிவிக்கவில்லை. சந்திரசேகர் தம் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. 1939-இல் அதையெல்லாம் ஒரு நூலாக எழுதி முடித்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போனார். எட்டிங்டன்மீது கசப்பும் பாராட்டவில்லை. நோபல் பரிசு வந்தது 1983-இல்.

அவருடைய பொறுமையை எல்லாரும் பாராட்டுகிறோம். எனக்கு இக்கதையில் உறுத்துவது வேறு. போர், ரோசன்பெல்டு, பவுலி ஆகிய பெரும் இயற்பியல் அறிஞர்கள் சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று தனியே ஒப்புக்கொண்டார்கள். வெளிப்படையாக ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கு என்ன அச்சம்? வேலை போய்விடுமா? விண்மீனின் செய்தியாதலால் யாருக்கும் கால் முறியவில்லை. ஒரு துறை பல ஆண்டுகள் பின்தங்கியதோடு போயிற்று. கூட்டத்தில் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு தேநீர்க் கடையில் "நீ சொன்னதுதான் சரி" என்று தோளைத் தட்டும் நண்பரை நீங்களும் சந்திப்பீர்கள். நீங்களே ஒருநாள் அந்த நண்பராகவும் இருப்பீர்கள். இளையவர் ஒருவர் எழுந்து ஒன்றைச் சொல்லி, அவை சிரிக்கும்போது, "அவர் சொல்வதை நானும் பார்த்தேன்" என்று நான்கு சொல் சொல்லும் இன்னொருவர் இருந்தால் போதும், சிரிப்பு அடங்கிவிடும். நம் சங்கக் கூட்டங்களிலேயே இதைப் பழகலாம். வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போது எல்லாரும் கைதட்டிவிட்டு வெளியே போய் முணுமுணுப்பது என் காலத்தில் வழக்கம். இப்போது எப்படியோ!

இப்போது நான் பொறுப்பாளர் இடத்தில் இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் பணியிடத்துக்குப் பயிற்சிக்கு வந்த போபால் நகரத்துப் பெண் ஒருவர், சேர்ந்து ஒன்பது நாளே ஆனவர், நான் அலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரே வந்து நின்றார். கையைக் காட்டிச் சற்றுப் பொறுக்கச் சொன்னேன். அவர் பொறுக்கவில்லை. "சார், அலைபேசியை வையுங்கள். தெற்குப் பக்கச் சஜ்ஜாவின் முட்டுகளை எடுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதன் லிண்டல் மேல் சுவர் இன்னும் எழவில்லை. பின்னால் அழுத்திப் பிடிக்க எடையே இல்லை. எடுத்தால் லிண்டலோடு முன்பக்கம் கவிழும். ஆட்களை நிறுத்தி வைத்திருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது என்பதை மறைக்கமாட்டேன். சுவர் எழுந்தாயிற்று என்பது எனக்கு உறுதி. முந்தின நாள் நானே பார்த்தேன். அவரோடு நடந்து போனேன். நான் பார்த்தது வடக்குப் பக்கம். தெற்கில் லிண்டலுக்கு மேலே வானம்தான் இருந்தது. முட்டுகளைச் சுற்றிலும் ஆட்கள் சுத்தியலோடு காத்து நின்றார்கள். "எடுக்க வேண்டாம்" என்றேன். அந்த முட்டுகள் மேலும் பன்னிரண்டு நாள் அங்கேயே நின்றன.